வாக்குப் பெட்டியும் காங்கிரஸ் சபையும்: 2006 பலஸ்தீனத் தேர்தலுக்கு அமெரிக்கச் சட்டவாக்கத்தின் மறுமொழி

சர்வதேச அரசியலைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும், "அமெரிக்கா இவ்வாறு செய்தது", "அமெரிக்கா இதனை விரும்பவில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கு வசதியானதுதான், ஆனால் விளக்கத்திற்கு உதவாதது. வாஷிங்டனில் வெளியுறவுக் கொள்கையை எடுத்துரைப்பவர் ஜனாதிபதி. அக்கொள்கைக்கான பணத்தை ஒதுக்குவதும் மறுப்பதும், ஒதுக்கிய பணத்திற்கு நிபந்தனை விதிப்பதும் காங்கிரஸ். இவ்விரண்டும் ஒரே திசையிற் செல்லும் வேளைகளும் உண்டு. ஒன்றை மற்றொன்று பின்னிழுக்கும் வேளைகளும் உண்டு. ஜனாதிபதியின் பேச்சு அடுத்த வாரமே மாறலாம். அவரே நான்கு அல்லது எட்டு ஆண்டுகளில் மாறிவிடுவார். சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்ட வாசகமோ அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை.

2006 ஜனவரி 25ஆம் திகதி நடைபெற்ற பலஸ்தீனச் சட்டவாக்க சபைத் தேர்தலில் ஹமாஸ் இயக்கம் பெரும்பான்மை பெற்றபோது, உலகின் பல தலைநகரங்களிலிருந்தும் கண்டனங்களும் கவலைகளும் வெளிவந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இன்று மறக்கப்பட்டுவிட்டன. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய சட்டம் மறைந்துவிடவில்லை. அச்சட்டம் எவ்வாறு உருவானது, அது என்ன கூறுகிறது, அதன் விளைவு யாது என்பவற்றையே நாம் இங்கு நோக்கவிருக்கிறோம். ஹமாஸின் கொள்கையையோ பத்ஹின் வரலாற்றையோ ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. சட்டத்தை விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய அளவில் மட்டுமே அவை இடம்பெறும்.

தேர்தலும் அதன் கணக்கும்

1993ஆம் ஆண்டின் ஒஸ்லோ உடன்படிக்கையின் வழியாகத் தோன்றியது பலஸ்தீன அதிகார சபை. அதன் சட்டவாக்க சபைக்கான முதல் தேர்தல் 1996 ஜனவரியில் நடைபெற்றது. ஒஸ்லோவை ஏற்காத ஹமாஸ் அத்தேர்தலைப் பகிஷ்கரித்தது. பத்து ஆண்டுகளின் பின் நடந்த இரண்டாவது தேர்தலில் அது "மாற்றமும் சீர்திருத்தமும்" என்ற பெயரிற் களமிறங்கியது. இப்பெயர்த் தெரிவே கவனத்திற்குரியது. ஊழல், நிர்வாகச் சீர்கேடு, பாதுகாப்பின்மை என்பன பற்றிய மக்களின் சலிப்பை நன்கறிந்து வைக்கப்பட்ட பெயர் அது.

சபையின் ஆசனங்கள் 88இலிருந்து 132ஆக உயர்த்தப்பட்டிருந்தன. அவற்றுட் பாதி, அதாவது 66, தேசியப் பட்டியல் அடிப்படையில் விகிதாசார முறையிற் பகிரப்பட்டன. மீதி 66 ஆசனங்களும் 16 மாவட்டங்களில் நேரடியாகத் தெரிவு செய்யப்பட்டன. மாவட்ட வாக்குச்சீட்டில் ஒவ்வொரு வாக்காளரும் அம்மாவட்டத்திற்குரிய ஆசனங்களின் எண்ணிக்கை வரை வேட்பாளர்களைத் தெரிவு செய்யலாம். பட்டியல் வாக்கில் ஹமாஸ் பெற்றது சுமார் 44 வீதம். பத்ஹ் பெற்றது சுமார் 41 வீதம். ஆசனங்கள் 29உம் 28உம். இங்கு வேறுபாடு மிகச் சிறியது. மாவட்டங்களிலோ ஹமாஸ் 45 ஆசனங்களை வென்றது. பத்ஹ் 17 ஆசனங்களுடன் நின்றது. பத்ஹ் உறுப்பினர் பலர் கட்சி வேட்பாளருக்கு எதிராகச் சுயேச்சையாக நின்று வாக்குகளைச் சிதறடித்ததும், ஹமாஸ் ஆதரவாளர் ஒழுங்கு தவறாது தம் வேட்பாளர்களுக்கு மாத்திரம் வாக்களித்ததும் இதற்குக் காரணங்கள். இறுதிக் கணக்கில் ஹமாஸ் 74, பத்ஹ் 45, ஏனைய சிறு பட்டியல்களும் சுயேச்சைகளும் 13.

எனவே பலஸ்தீன மக்கள் அனைவரும் ஒரே குரலில் ஹமாஸைத் தெரிவு செய்தனர் என்பது மிகைக்கூற்று. அது மக்கள் தெரிவே அல்ல என்பதும் உண்மையன்று. பதிவு பெற்ற வாக்காளரில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் வாக்களித்தனர். முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் நேரிற் சென்று பார்வையிட்டார். ஐரோப்பிய ஒன்றியமும் பெரியதொரு கண்காணிப்புக் குழுவை அனுப்பியிருந்தது. தேர்தல் அமைதியாகவும் முறையாகவும் நடைபெற்றதாகவே இவர்கள் அறிக்கையிட்டனர். அக்காலத்து அரபுலகில் இத்தகைய சான்றிதழைப் பெற்ற தேர்தல்கள் மிகச் சில.

தேர்தலுக்கு முன்னரே

காங்கிரஸின் மறுமொழி தேர்தல் முடிவுடன் தொடங்கியதன்று. 2005 டிசம்பர் 16ஆம் திகதி, வாக்களிப்பிற்கு ஏறத்தாழ நாற்பது நாட்களுக்கு முன், பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானத்தை 397க்கு 17 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. ஹமாஸ் போன்ற அமைப்புகள் பலஸ்தீனத் தேர்தலிற் பங்குபற்ற அனுமதிக்கப்படலாகாது என்பதே அதன் சாரம்.

இதே காலப்பகுதியில் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷின் நிர்வாகம் எதிர்த்திசையில் நின்றது. தேர்தல் குறித்த நாளில் நடந்தாக வேண்டும் என்பதில் அது உறுதியாயிருந்தது. 2005 ஜூனில் கெய்ரோவிலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய இராஜாங்கச் செயலாளர் கொண்டலீஸா ரைஸ், தமது நாடு அறுபது ஆண்டுகளாக மத்திய கிழக்கில் ஜனநாயகத்தைப் பின்தள்ளி உறுதிநிலையை நாடியதாகவும், இரண்டில் ஒன்றும் கிட்டவில்லை எனவும் ஒப்புக்கொண்டிருந்தார். அவ்வுரை நம் பத்திரிகைகளிலும் பெரிதாகப் பேசப்பட்டது. தேர்தலுக்கு முந்திய வாரங்களில் அதிகார சபையின் பெயரை மக்களிடையே உயர்த்துவதற்காக, அமெரிக்க உதவி நிறுவனம் சுமார் 20 இலட்சம் டொலர் செலவில் சிறு திட்டங்களை நடத்தியமையும் அப்போதே அம்பலமாயிற்று. தேர்தல் வேண்டும், அதன் முடிவு தாம் விரும்பியவாறு அமைய வேண்டும் என்பது நிர்வாகத்தின் ஆசை. வேண்டாதவர் போட்டியிடவே கூடாது என்பது பிரதிநிதிகள் சபையின் நிலை. இரண்டில் எது நேர்மையானது என்று வினவினால், பின்னதையே நாம் சுட்ட வேண்டியிருக்கும். அது தன் மனத்தை மறைக்கவில்லை.

பிரதிநிதிகள் சபையின் வாதத்திற்கு ஓர் ஆதாரமும் இருந்தது என்பதைக் கூறாது விடுவது நீதியன்று. 1995ஆம் ஆண்டின் இடைக்கால உடன்படிக்கையின் தேர்தல் இணைப்பில், இனவாதத்தைக் கைக்கொள்ளும் அல்லது சட்டவிரோத வழிகளால் தம் நோக்கங்களை அடைய முயலும் வேட்பாளரின் நியமனம் நிராகரிக்கப்படும் என்று எழுதப்பட்டுள்ளது. 1997 முதல் அமெரிக்கா ஹமாஸை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் வைத்திருந்தது. பேருந்துகளிலும் உணவகங்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களிற் குடிமக்கள் பலர் கொல்லப்பட்டிருந்தனர். போரிடாதோரைக் கொல்வதை இஸ்லாமிய யுத்த நெறியும் அனுமதிக்கவில்லை என்பதால், இவற்றை ஆட்சேபிப்பதற்கு ஒருவர் அமெரிக்கராயிருக்க வேண்டிய தேவையுமில்லை. ஆயின் மஹ்மூத் அப்பாஸின் கணிப்பு வேறாயிருந்தது. ஆயுதம் ஏந்தியவரைத் தேர்தலுக்குள் கொண்டுவருவதே அவரைக் கட்டுப்படுத்தும் வழி என்று அவர் கருதினார். 2005 மார்ச்சில் கெய்ரோவில் ஹமாஸ் தற்காலிகப் போரமைதிக்கு இணங்கியதும், தேர்தலிற் பங்குபற்ற முடிவு செய்ததும் இக்கணிப்புடன் தொடர்புடையவை.

தீர்மானம் வேறு, சட்டம் வேறு

காங்கிரஸின் வெளிப்பாடுகளை மூன்று வகையாகப் பிரித்தறிவது பயனுள்ளது. ஒரு சபை மட்டும் நிறைவேற்றும் தீர்மானம் அச்சபையின் கருத்து மாத்திரமே. இரு சபைகளும் நிறைவேற்றும் இணைத் தீர்மானம் காங்கிரஸ் முழுவதன் கருத்து. ஆனால் அது ஜனாதிபதியின் கையொப்பத்திற்குச் செல்வதில்லை, சட்ட வலுவும் பெறுவதில்லை. இரு சபைகளிலும் நிறைவேறி, ஜனாதிபதியும் கையொப்பமிடும் சட்டமூலம் சட்டமாகிறது. பலஸ்தீனத் தேர்தல் விடயத்தில் காங்கிரஸ் இம்மூன்று படிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது.

முதற்படியை மேலே கண்டோம். இரண்டாவது படி தேர்தல் முடிந்து ஒரு வாரத்திலேயே வந்தது. இஸ்ரேலின் அழிவைக் கோரும் நிலைப்பாட்டையுடைய கட்சியொன்று சட்டவாக்க சபையிற் பெரும்பான்மை வகிக்குமாயின், அதிகார சபைக்கு நேரடியாக எவ்வித உதவியும் வழங்கப்படலாகாது என்ற இணைத் தீர்மானத்தை செனட் சபை பெப்ரவரி 1ஆம் திகதி ஏகமனதாக நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை பெப்ரவரி 15ஆம் திகதி அதனை 418க்கு 1 என்ற வாக்குகளால் ஏற்றது. இவ்வாசகத்தில் "பெரும்பான்மை" என்ற சொல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; பின்னர் அதற்குத் திரும்புவோம்.

இதற்கிடையே நிறைவேற்றுத்துறை தன் வழியில் விரைந்தது. ஜனவரி 30ஆம் திகதி அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், ஐக்கிய நாடுகள் சபை ஆகியவற்றைக் கொண்ட நால்வர் அணி, புதிய அரசுக்கு உதவி தொடர்வதை மூன்று விடயங்களுடன் பிணைத்தது: வன்முறையைக் கைவிடல், இஸ்ரேலை அங்கீகரித்தல், முன்னைய உடன்படிக்கைகளை ஏற்றல். முன்னர் வழங்கிய 5 கோடி டொலரைத் திருப்பித் தருமாறு வாஷிங்டன் கேட்டது. மார்ச் இறுதியில் இஸ்மாயீல் ஹனிய்யாவின் அமைச்சரவை பதவியேற்றது. ஏப்ரலில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உதவியை நிறுத்தின. அதே மாதத்தில் அமெரிக்கத் திறைசேரி, அதிகார சபையுடனான கொடுக்கல் வாங்கல்களைத் தடை செய்தது. இத்தடையின் தாக்கம் உதவி நிறுத்தத்தைவிடப் பெரிது. அமெரிக்கத் தண்டனைக்கு அஞ்சிய வங்கிகள், அரபு நாடுகளின் பணத்தைக்கூட ரமல்லாவுக்கும் காஸாவுக்கும் அனுப்பத் தயங்கின. இஸ்ரேலோ அதிகார சபையின் சார்பில் அறவிடும் வரிப்பணத்தை, மாதம் சுமார் 5 கோடி டொலரை, தேர்தலின் பின் தடுத்து வைத்தது. ஆசிரியர், வைத்தியர், பொலிஸார் உள்ளிட்ட சுமார் 1,60,000 அரச ஊழியரின் சம்பளம் நின்றது.

ஆக, ஏப்ரல் மாதத்திலேயே நெருக்குதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அப்படியாயின் டிசம்பரில் ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? அதிகாரிகள் விதித்த தடையை அதிகாரிகளே நீக்கலாம் என்பதே விடை. சட்டம் அவர்களின் கையைக் கட்டும்.

பிரதிநிதிகள் சபையில் புளோரிடாவைச் சேர்ந்த இலியானா ரொஸ்-லெஹ்தினனும் கலிபோர்னியாவைச் சேர்ந்த டொம் லான்டொஸும் முன்வைத்த சட்டமூலம் மிகக் கடுமையானது. அதன் நோக்கில் ஹமாஸ் அமைச்சருக்கும் பத்ஹ் ஜனாதிபதிக்கும், அரசுக்கும் அரச சார்பற்ற நிறுவனத்திற்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இச்சட்டமூலம் வெளியுறவுக் குழுவிற்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த மிகச் சிலரில் மினசோட்டாவைச் சேர்ந்த பெட்டி மெக்கொலமும் ஒருவர். அதன் பின் இஸ்ரேல் ஆதரவுச் செல்வாக்குக் குழுவான ஐபெக்கின் பிரதிநிதியொருவர், பயங்கரவாதிகளுக்கு அவர் ஆதரவளிப்பதாகத் தம் அலுவலரிடம் பேசியதாகக் குற்றஞ்சாட்டி, மன்னிப்புக் கோரும் வரை அவ்வமைப்பினர் தம் அலுவலகத்திற்கு வரலாகாது என அவர் பகிரங்கமாக எழுதினார். தாம் ஹமாஸை எதிர்ப்பவர் என்பதை அவர் அக்கடிதத்தில் மறைக்கவில்லை. அமெரிக்க கிறிஸ்தவ திருச்சபைகளின் மத்திய கிழக்குச் சமாதானக் கூட்டமைப்பும், இஸ்ரேல் ஆதரவாளரான ஒரு யூத சமாதான அமைப்பும்கூட இச்சட்டமூலத்தை எதிர்த்தன என்பதை, "யூதர்கள்", "கிறிஸ்தவர்கள்" என்று பொதுவாகப் பேசிவிடும் நம் பேச்சாளர்கள் கவனத்திற் கொள்வது நன்று. எனினும் மே 23ஆம் திகதி சட்டமூலம் 361க்கு 37 என்ற வாக்குகளால் நிறைவேறியது.

செனட் சபையில் கென்டக்கியின் மிட்ச் மெக்கொனலும், பின்னாளில் ஜனாதிபதியான டெலவெயரின் ஜோ பைடனும் முன்வைத்த சட்டமூலம் சற்று மிதமானது. ஜூன் 23ஆம் திகதி அது ஏகமனதாக நிறைவேறியது. அதன் பின் ஐந்து மாதங்கள் எதுவும் நிகழவில்லை. டிசம்பர் 7ஆம் திகதி பிரதிநிதிகள் சபை தனது கடுமையான வாசகத்தை விட்டு, செனட்டின் வாசகத்தைக் குரல் வாக்கால் ஏற்றுக்கொண்டது. அதற்கு ஒரு மாதம் முன்னர், நவம்பர் 7ஆம் திகதித் தேர்தலில், அமெரிக்க வாக்காளரே இரு சபைகளிலும் ஆளும் பெரும்பான்மையை மாற்றிவிட்டிருந்தனர். வெளியேறும் காங்கிரஸ் ஒன்று, தன் இறுதி நாட்களில், பிறிதொரு நாட்டு வாக்காளர் செய்த மாற்றத்தைப் பற்றிச் சட்டமியற்றிக்கொண்டிருந்தது. டிசம்பர் 21ஆம் திகதி புஷ் கையொப்பமிட்டார். "2006ஆம் ஆண்டின் பலஸ்தீனப் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டம்" என்பது அதன் பெயர்.

சட்டம் கூறுவது

1961ஆம் ஆண்டின் வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் புதிய பிரிவுகளைச் சேர்ப்பதே இச்சட்டத்தின் பிரதான வேலை. அவற்றின்படி, அதிகார சபையின் எந்த அமைச்சும் நிறுவனமும் ஹமாஸின் கட்டுப்பாட்டில் இல்லை என்றோ, அல்லது ஹமாஸின் கட்டுப்பாட்டிலுள்ள அதிகார சபை வகுக்கப்பட்ட நிபந்தனைகளை நிறைவேற்றியுள்ளது என்றோ ஜனாதிபதி காங்கிரஸிற்குச் சான்றளித்தாலன்றி உதவி வழங்க முடியாது. நிபந்தனைகளில் முதன்மையானவை இரண்டு: யூத அரசான இஸ்ரேலின் இருப்புரிமையைப் பகிரங்கமாக ஏற்றல், முன்னைய உடன்படிக்கைகள் அனைத்திற்கும் கட்டுப்படல். இவற்றுடன் பாதுகாப்புப் படைகளிலிருந்து பயங்கரவாதத் தொடர்புடையோரை நீக்குதல், நிதி வெளிப்படைத்தன்மை முதலியவற்றில் முன்னேற்றமும் கோரப்பட்டது.

இரண்டாவது நிபந்தனை முஸ்லிம் வாசகருக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. முந்திய ஆட்சியாளர் செய்த ஒப்பந்தத்தை அடுத்தவர் பேணுவதன் கடப்பாடு பற்றி நம் சட்ட அறிஞர்கள் சர்வதேச உறவுகளைப் பற்றிய நூல்களில் நிறையவே எழுதியுள்ளனர். ஒஸ்லோ உருவாக்கிய சபையில் ஆசனம் பெற்றுக்கொண்டு ஒஸ்லோவை முற்றாக மறுப்பது ஹமாஸிற்கும் இலகுவான நிலைப்பாடாயிருக்கவில்லை. நீண்டகால ஹுத்னா ஒன்றை அது முன்மொழிந்ததை இப்பின்னணியிலேயே விளங்க வேண்டும். முதலாவது நிபந்தனையோ வேறு வகையினது. நால்வர் அணி கேட்டது இஸ்ரேலை அங்கீகரிக்குமாறு. 1993 செப்டெம்பரில் யசர் அரபாத் எழுதிய அங்கீகாரக் கடிதத்திலும் இஸ்ரேல் அரசு அமைதியுடனும் பாதுகாப்புடனும் வாழும் உரிமையே ஏற்கப்பட்டிருந்தது. அவ்வரசு எம்மதத்தாருக்குரியது என்ற பேச்சு அதில் இல்லை. காங்கிரஸ் "யூத அரசு" என்ற ஒரு சொற்றொடரைச் சேர்த்ததன் மூலம், பத்ஹ் கூட அதுவரை சொல்லியிராத ஒன்றை ஹமாஸிடம் எதிர்பார்த்தது. இஸ்ரேலின் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்திலொருவர் அரபியர் என்பதை எண்ணும்போது, இச்சொற்றொடரின் கனம் புலப்படும்.

விதிவிலக்குகள் இன்னும் சுவையானவை. உணவு, குடிநீர், மருந்து, சுகாதாரம் போன்ற அடிப்படைத் தேவைகளுக்கான உதவி அனுமதிக்கப்பட்டது. இது நியாயமே. இதற்கு அப்பால், அதிகார சபையின் ஜனாதிபதி அலுவலகத்திற்கும் நீதித்துறைக்கும், ஹமாஸைச் சாராத தனித்தனிச் சட்டவாக்க சபை உறுப்பினருக்கும் குறித்த வரையறைகளுக்குள் உதவ வழி வைக்கப்பட்டது. அதிகார சபை அதிகாரிகளுக்கு விசா மறுப்பு, ஐக்கிய நாடுகள் சபைக்கு வருவோரின் நடமாட்டக் கட்டுப்பாடு, அமெரிக்காவிற் பிரதிநிதித்துவ அலுவலகம் வைத்திருப்பதற்குத் தடை ஆகியனவும் இடம்பெற்றன. சமாதானம், நல்லிணக்கம், ஜனநாயகம் என்பவற்றுக்கான நிதியமொன்றுக்கு 2 கோடி டொலரும் அனுமதிக்கப்பட்டது.

தன் மக்களின் வரிப்பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எந்தச் சட்டமன்றத்திற்கும் உண்டு. இதனை மறுப்போர் சட்டமன்றம் என்பதையே மறுக்கின்றனர். தேர்தலில் வென்றவருக்கெல்லாம் பிறர் பணம் தரவேண்டும் என்பது ஜனநாயகத்தின் விதியுமன்று. அமெரிக்க உதவியின் பெரும்பகுதி ஏற்கெனவே அதிகார சபையின் கைக்குச் செல்லாது, ஒப்பந்த நிறுவனங்கள் வழியாகவே செலவிடப்பட்டு வந்தது. ஆகவே பணத்தை மறுத்தது மட்டுமாயின் இச்சட்டத்தைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிராது. நம் கவனத்திற்குரியது வேறொன்று: இச்சட்டம், ஒரே தேர்தலில் தெரிவான சபையின் உறுப்பினரைக் கட்சி வாரியாகப் பிரித்து, இவருடன் உறவு வைக்கலாம், அவருடன் கூடாது என்று வகைப்படுத்தியது. தோற்ற கட்சியின் கையிலிருந்த ஜனாதிபதி அலுவலகத்தின்பால் பணமும் அதிகாரமும் சாயுமாறு வழி செய்தது.

இதன் முரண்பாட்டை உணர 2003ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அப்போது ஜனாதிபதியாயிருந்தவர் அரபாத். ஒரே மனிதரிடம் அதிகாரம் குவிந்திருப்பது ஜனநாயகத்திற்கு ஒவ்வாது என்று கூறி, பிரதமர் பதவியொன்றை உருவாக்கி, நிதியையும் பாதுகாப்பையும் அதற்கு மாற்றுமாறு வாஷிங்டன் கடுமையாக வற்புறுத்தியது. அவ்வாறு தோன்றிய பதவியை முதலில் வகித்தவர் அப்பாஸ். மூன்றே ஆண்டுகளில் பிரதமர் பதவி ஹமாஸிடம் சென்றதும், அதே அதிகாரங்களை ஜனாதிபதியிடம் திருப்பி எடுக்குமாறு அதே வாஷிங்டன் ஊக்குவித்தது. அரசியலமைப்பு ஏற்பாடுகள் ஆளைப் பார்த்து மாற்றப்படுமாயின், அவற்றை மக்கள் மதிப்பார்கள் என்று எவ்வாறு எதிர்பார்க்க முடியும்?

கையொப்பமிட்ட வேளையில் புஷ் வெளியிட்ட கூற்றும் குறிப்பிடத்தக்கது. சட்டத்திலுள்ள கொள்கை உரைகளைத் தாம் அமெரிக்க வெளியுறவுக் கொள்கையாக ஏற்கவில்லை எனவும், அவற்றை ஆலோசனையாகவே கொள்ளவிருப்பதாகவும் அவர் எழுதினார். காங்கிரஸ் நிறைவேற்றுத்துறையின் எல்லைக்குள் நுழைகிறது என்பதே அவரது முறைப்பாடு. பலஸ்தீன வாக்காளரைப் பற்றிய கவலையன்று.

பின்னர் நடந்தவை

2006 ஜூன் இறுதியில், இஸ்ரேலியச் சிப்பாய் ஒருவர் காஸா எல்லையிற் சிறைப்பிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, இஸ்ரேல் மேற்குக் கரையில் ஹமாஸ் அமைச்சர் எண்மரையும் சட்டவாக்க சபை உறுப்பினர் பலரையும் கைது செய்தது. ஆகஸ்டில் சபாநாயகர் அஸீஸ் துவைக்கும் கைதானார். சபை கூடுவதற்கு வேண்டிய எண்ணிக்கையே இல்லாமற் போயிற்று. 2007 பெப்ரவரியில் மக்காவில் ஹமாஸும் பத்ஹும் உடன்பட்டன; மார்ச்சில் ஐக்கிய அரசு அமைந்தது. நெருக்குதல் தளரவில்லை. ஜூனில் இரு தரப்பும் மோதின. காஸா ஹமாஸின் கைக்கும், மேற்குக் கரை அப்பாஸின் கைக்கும் சென்றன. இச்சகோதரச் சண்டைக்கான பொறுப்பை முழுவதும் வாஷிங்டன் மீது சுமத்துவது, ஒருவரையொருவர் சுட்டவர்களை விடுவிப்பதாகும். அக்காலத்து ஐ.நா. விசேட தூதுவர் அல்வாரோ டி சொட்டோ பதவி விலகும்போது எழுதிய இரகசிய அறிக்கை பின்னர் பத்திரிகையில் வெளியாயிற்று. ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் ஒரு மக்கள் சுதந்திரமாகத் தெரிவு செய்த அரசின் மீது தடை விதிக்கும் கருவியாக நால்வர் அணி மாறிவிட்டதென்று அவர் அதிற் சாடியிருந்தார்.

சலாம் பைய்யாதின் தலைமையில் ரமல்லாவில் ஹமாஸ் இல்லாத அரசு அமைந்ததும் அமெரிக்க உதவி மீண்டும் பாய்ந்தது. சட்டம் அதற்குத் தடையாயிருக்கவில்லை. ஆனால் ஒற்றுமைக்கான முயற்சி எழுந்தபோதெல்லாம் அது குறுக்கே நின்றது. ஹமாஸுடன் அதிகாரம் பகிரும் அரசின் அமைச்சர்கள் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனைகளை ஏற்க வேண்டும் என்ற வாசகம் பின்வந்த ஆண்டுகளின் உதவி ஒதுக்கீட்டுச் சட்டங்களிலும் புகுந்தது. 2014 ஜூனில் உருவான இணக்க அரசில் ஹமாஸ் உறுப்பினர் ஒருவர் கூட இல்லாது நிபுணர்கள் மாத்திரம் இடம்பெற்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது "பெரும்பான்மை" என்ற சொல்லுக்குத் திரும்புவோம். 2005 ஜூலை முதல் லெபனான் அமைச்சரவையில் ஹிஸ்புல்லாஹ் இடம்பெற்றிருந்தது. அதுவும் அமெரிக்காவின் அதே பட்டியலிலுள்ள அமைப்பே. ஆயினும் லெபனானுக்கான உதவி நிற்கவில்லை. 2006க்குப் பின் அந்நாட்டு இராணுவத்திற்கான உதவி அதிகரித்தது. ஆகவே காங்கிரஸை அசைத்தது அத்தகைய அமைப்பு ஆட்சியில் இருந்தமை மாத்திரமன்று. அது தேர்தலில் முழுமையாக வென்றமை.

இதைவிடத் தெளிவான ஒப்பீடு எகிப்து. முறையாகத் தெரிவான அரசுத் தலைவர் இராணுவச் சதியாற் கவிழ்க்கப்பட்டால், அந்நாட்டிற்கு உதவியை நிறுத்த வேண்டும் என்ற விதியை காங்கிரஸ் 1980களின் நடுப்பகுதி முதல் தன் உதவி ஒதுக்கீட்டுச் சட்டங்களில் வைத்திருக்கிறது. பிறநாட்டுத் தேர்தல் முடிவைக் காக்கும் நோக்குடைய நல்ல விதி அது. 2013 ஜூலை 3ஆம் திகதி, தெரிவு செய்யப்பட்ட ஜனாதிபதி முஹம்மத் முர்ஸியை இராணுவம் நீக்கியது. நடந்தது சதியா இல்லையா என்று தீர்மானிக்கத் தமக்குக் கடப்பாடில்லை என ஒபாமா நிர்வாகம் கூறிற்று. சட்டத்தின்படி உதவியை நிறுத்த வேண்டுமென்று செனட்டர் ராண்ட் போல் ஜூலை 31ஆம் திகதி கொண்டுவந்த திருத்தத்தை, செனட் சபை 86க்கு 13 என்ற வாக்குகளால் ஒதுக்கி வைத்தது. நிர்வாகம் அக்டோபரில் உதவியின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக நிறுத்தியது உண்மை. ஆனால் 2014 ஜனவரியில் காங்கிரஸ் இயற்றிய ஒதுக்கீட்டுச் சட்டம், ஏனைய தடைகள் எவ்வாறாயினும் எகிப்துக்கு உதவி வழங்கலாம் என்று தனி வழி திறந்துவிட்டது. முர்ஸியின் ஆட்சியில் குறைகள் பல இருந்தன. அது வேறு விவாதம். தேர்தலின் முடிவைத் தண்டிக்கும் சட்டம் உடனே எழுதப்பட்டதும், தேர்தலின் முடிவைக் காக்கும் சட்டம் பக்கத்தில் வைக்கப்பட்டதும் ஒரே மன்றத்திலேயே. 1992 ஜனவரியில் அல்ஜீரியாவில் தேர்தல் பாதியில் நிறுத்தப்பட்டது முதல் இவற்றைப் பார்த்து வந்த அரபு இளைஞரிடம் வாக்குப் பெட்டியின் அருமையை எடுத்துரைப்போரின் பணி எளிதாயிருக்கவில்லை.

2006இல் தெரிவான சட்டவாக்க சபை 2007 ஜூனின் பின் முறையாக இயங்கவில்லை. 2018 டிசம்பரில் பலஸ்தீன அரசியலமைப்பு நீதிமன்றம் அதனைக் கலைத்து, ஆறு மாதங்களிற் புதிய தேர்தல் நடத்துமாறு பணித்தது. அத்தேர்தல் நடைபெறவில்லை. 2021 மே 22ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட தேர்தலை, கிழக்கு ஜெரூசலத்தில் வாக்களிக்க இஸ்ரேல் அனுமதிக்கவில்லை எனக் காரணங்காட்டி, ஏப்ரல் இறுதியில் அப்பாஸ் ஒத்திவைத்தார். வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் 2006இற் சேர்க்கப்பட்ட பிரிவுகளில், ஹமாஸைச் சாராத சட்டவாக்க சபை உறுப்பினருக்கு உதவலாம் என்ற விதிவிலக்கும் ஒன்று. அச்சபை இன்று இல்லை.